பசிக்கு முன்பணம்

விக்கிரவாண்டியில் சாலை இரண்டாகப் பிரிகிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் நெடுஞ்சாலையின் ஒரு கிளை விழுப்புரம், திருச்சி என்று தெற்கே இறங்குகிறது. இன்னொன்று பண்ருட்டி, வடலூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவுக்குள் நுழைகிறது. தலைநகருக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போகவேண்டும். அதனால்தான் சுங்கச்சாவடியை ஒட்டி அத்தனை சாலையோர ஓட்டல்கள். நள்ளிரவு ஒரு மணிக்கும் அங்கே கல்லில் பரோட்டா வேகும். கண்டக்டர் விளக்கைப் போட்டு, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், சாப்பிடுறவங்க சாப்பிட்டு வாங்க" என்று குரல் கொடுப்பார். தூக்கக் கலக்கத்தில் இறங்குகிற கூட்டம் டோக்கன் கவுன்டரில் வரிசை கட்டும். விலை கூடுதல், ருசி மட்டம் என்று பயணிகள் சொல்லும் புகார் பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில், அந்த இடத்தில், பசித்தவருக்கு வேறு வழி கிடையாது.

கோடை விடுமுறையிலும் அரையாண்டு லீவிலும் இந்தக் கூட்டத்தோடு இன்னொரு கூட்டம் சேர்ந்துகொள்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் பக்கத்திலிருந்து டெம்போ டிராவலரிலும் இன்னோவாவிலும் கிளம்பிப் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போகும் குடும்பங்கள். முன்பெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வி.ஜி.பி.யும் முட்டுக்காடு எம்.ஜி.எம்.மும்தான் போகுமிடம். 2025 டிசம்பரில் திருப்போரூருக்குப் பக்கத்தில் இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு அந்தப் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. ஒரே நாளில் எல்லா ராட்டினத்திலும் ஏறிவிட முடியாது; ஒரு ராத்திரியாவது தங்கியாக வேண்டும். உடனே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். எந்த ஓட்டல்? ரூம் மட்டும் போதுமா, சாப்பாடும் சேர்த்துக் கட்டிவிடலாமா?

இது செலவுக் கணக்குப் பேச்சாகத்தான் ஆரம்பிக்கும். ஆனால் வழிப்போக்கருக்குச் சோறு போடுவது யார், எந்த அளவையில் போடுவது, பந்தியில் யாரெல்லாம் உட்காரலாம் என்ற கேள்விகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்ச் சமயங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்தும் சண்டையிட்டும் வந்த கேள்விகள் இவை. அந்த யோசனையில் பாதி, இந்தச் சாலையோரத்து ஊர்களிலேயே நடந்திருக்கிறது.

முதலில் ஓட்டல்காரர்களின் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்தியாவில் பெரும்பாலான ஓட்டல்களும் ரிசார்ட்டுகளும் நான்கு வகையாக அறையை விற்கின்றன. ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையோடு காலைச் சிற்றுண்டி. எம்.ஏ.பி. என்றால் காலையோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். சின்னக் குழந்தைக்கு இலவசம், கொஞ்சம் பெரிய பிள்ளைக்குப் பாதி, அதற்கு மேல் முழுக் கட்டணம் என்று வயதுக்கு ஒரு விலை. எந்த வயதில் எது என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். சில தீம் பார்க்குகளில் வயதுக்குப் பதில் உயரம் பார்க்கிறார்கள். நுழைவாயிலில் பிள்ளையை அளவுகோலோடு நிறுத்தி டிக்கெட் கிழிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டு விடுமுறையில் பர்ஸையே திறக்காமல் இருப்பது என்ற யோசனையை உலகம் முழுக்கப் பரப்பியது கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனம். பெல்ஜியத்துக்காரர் ஜெரார் பிளிட்ஸ் 1950இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில், அல்குடியா கடற்கரையில் கூடாரம் அடித்து அதைத் தொடங்கினார். அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2005இல் சாப்பாட்டுத் திட்டம் வந்தது. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திரும்ப வந்தபோது, அதற்காகவே காத்திருந்த குடும்பங்கள் இருந்தன. மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்று "ஆல் மீல்ஸ் இன்குளூடட்" என்று விளம்பரம் செய்யும்போது அந்தக் கூடார முகாமின் கொள்ளுப்பேரன்தான் பேசுகிறான்.

முன்பணம் கட்டியவுடன் சாப்பிடுகிறவருக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது. பஃபே ஹாலில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால் அது கண்ணில் படும். வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் மனிதர் தட்டில் இட்லி, வடை, பொங்கல், பூரி, ஆம்லெட், அதன் ஓரத்தில் ஒரு துண்டு கேக், கேக்கின் மேல் வழிந்த சாம்பார் என்று அடுக்கிக்கொண்டு வருகிறார். பிள்ளை கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்தைப் பாதியில் தள்ளிவைக்கிறது. "காசு கட்டியாச்சு, சாப்பிடு" என்கிறார் அம்மா. வீட்டில் அதே அம்மா "பசிக்குதா, இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்கிறவர். சாப்பாட்டின் அளவுகோல் வயிற்றிலிருந்து ரசீதுக்கு மாறிவிட்டது. செரித்தது அறிந்து, பசித்த பின், அளவோடு உண்பதையே மருந்தாகச் சொல்லி அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் வள்ளுவர். அந்த அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறைதான் பஃபே தட்டோடு நிற்கிறது.

மீந்தது எங்கே போகிறது? 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை. அதில் அறுபது சதவீதம் வீடுகளில் வீணானது. ஓட்டல், கேன்டீன் போன்ற உணவுச் சேவை இடங்களின் பங்கு 28 சதவீதம். வீடுகளின் பங்குதான் பெரிது என்பதால் பஃபேயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் வீட்டில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் மறுநாள் பழையது. பஃபே தட்டில் மீந்ததற்கு மறுநாள் கிடையாது.

இனி, இந்த ஊர்ப்பக்கத்துப் பெரியவர்களிடம் போகலாம்.

விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டிச் சாலையில் போனால் திருவாமூர் எட்டும் தூரம். அப்பர் பிறந்த ஊர். உளுந்தூர்ப்பேட்டை பக்கம் திரும்பினால் சுந்தரர் பிறந்த திருநாவலூர். தேவாரம் பாடிய மூவரில் இருவர் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள். இருவரும் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்கள் வழியில் பசித்துக் களைத்தபோது என்ன நடந்தது என்று பெரியபுராணம் சொல்லும் கதைகள் இந்தக் கேள்விக்கு நேராக வந்து நிற்கின்றன. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துகொண்டிருந்த அப்பருக்கு, வழியில் குளமும் சோலையும் உண்டாக்கி, ஓர் அந்தணராகப் பொதிசோற்றோடு காத்திருந்தார் சிவன். குருகாவூருக்குப் போகிற வழியில் சுந்தரருக்கும் அடியார் கூட்டத்துக்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டு, கட்டமுது கொடுத்தார். இவற்றை விட ஒரு படி மேலே போகிறது திருக்கச்சூர்க் கதை. அங்கே சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சோர்ந்து உட்கார்ந்திருந்த சுந்தரருக்காக, உச்சி வெயிலில் சிவனே ஓடெடுத்து வீடு வீடாகப் போய்ப் பிச்சை வாங்கி வந்து பசியாற்றினார். திருக்கச்சூர், செங்கல்பட்டைத் தாண்டி சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்திட்ட ஈசுவரர் என்றே அங்கு இறைவனுக்குப் பெயர் உண்டு.

இந்த மூன்று கதைகளிலும் பசித்தவர் எதையும் முன்கூட்டி ஏற்பாடு செய்யவில்லை, கேட்கவும் இல்லை. உணவு அவர் இருக்கும் இடத்துக்கு வருகிறது, அவருக்குப் பசிக்கும் நேரத்தில் வருகிறது. கொடுப்பவர் வெயிலில் நடக்கிறார், வாங்குபவர் நிழலில் இருக்கிறார். கடவுளையே சாப்பாட்டு மூட்டையோடு சாலையில் நிறுத்திய ஒரு மரபுக்கு, வழிப்பயணத்தில் சோறு என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்! மற்ற சமயங்களும் இதை உணர்ந்தே இருக்கின்றன. ஜக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்திருக்கிறது இஸ்லாம். ரமலான் நோன்பிலும் பயணிக்குச் சலுகை உண்டு.

அந்தக் கட்டமுதின் வாரிசுதான் புளியோதரை மூட்டை. எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைச் சாதம், வாழையிலையில் கட்டிய இட்லி மிளகாய்ப்பொடி, தயிர்ச்சாதத்துக்கு மாவடு. இன்றைக்கும் டெல்டாவிலிருந்து கிளம்பும் வண்டிகளில் அது இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தீம் பார்க்குகளில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்த்து வெளியே வைக்கச் சொல்வார்கள். சுத்தம், பாதுகாப்பு என்று காரணம் சொல்லலாம். உள்ளே விற்பனை நடக்க வேண்டும் என்பதும் காரணம்தான். நிர்வாகத்தின் உரிமை அது, சரி. ஆனாலும் பச்சைக் குழந்தைக்கும் சர்க்கரை நோயாளிக்கும் கொண்டுவந்த சோற்றுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு தந்தாக வேண்டும். விலக்கு தராத இடத்தில், பசித்தவரின் நேரத்தை விட விற்பவரின் நேரம் பெரிதாகிவிடுகிறது.

தனிமனிதர் கொடுத்த கட்டமுது நிறுவனமாக வளர்ந்தபோது சத்திரம் பிறந்தது. விக்கிரவாண்டியில் பிரிகிற அந்தச் சாலையின் தென்முனையில் இருக்கும் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்கள், ராமேசுவரம் போகும் யாத்திரிகர் வழி நெடுக வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்போனது. 1801இல் இரண்டாம் சரபோஜி, பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் நிலங்கள் கைநழுவிப் போய்விடக்கூடாது என்ற கவலையில் எழுதப்பட்ட கடிதம் அது. அதில் வரும் விவரங்களைப் படிக்கிறபோது இன்றைய எந்த ஓட்டலின் விளம்பரப் புத்தகமும் சின்னதாகத் தெரியும். எந்தச் சாதியார், எந்த நாட்டார் வந்தாலும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மற்ற சாமான்களும். கைக்குழந்தைக்குப் பால். நோயில் விழுந்த பயணிக்கு வைத்தியரும் பத்தியச் சாப்பாடும், தேறும்வரை. பிரசவ வேதனையில் வந்த பெண்ணுக்குக் கவனிப்பு. வழியில் அநாதையான பிள்ளைகளுக்கு ஆசிரியர், மூன்று வேளைச் சோறு, எண்ணெய்க் குளியல்.

அந்தக் கடிதத்தில் ஓர் இடம் உண்டு. நள்ளிரவு வரை பந்தி நடக்கும். அதன் பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், உங்களுக்குச் சோறு இருக்கிறது என்று கூவி அழைப்பார்களாம். இன்றைய ரிசார்ட் பஃபேயில் ராத்திரி பத்தரைக்கு மூடிவிடுவார்கள். வழியில் நெரிசலில் சிக்கி பதினொரு மணிக்கு வந்து சேர்கிற குடும்பம், பணம் கட்டிய சாப்பாட்டைச் சாப்பிட முடியாமல் பிஸ்கட் பொட்டலத்தோடு படுக்கும். சத்திரத்து மணி, பந்தி முடிந்த பிறகு மிச்சமிருக்கும் பசியைத் தேடி அடிக்கிறது. ரிசார்ட்டின் கடிகாரத்துக்கு, கட்டிய பணத்துக்கான சேவை முடிந்தால் கணக்கு முடிந்தது. தலையை எண்ணுவதா, பசியை எண்ணுவதா என்பதுதான் இங்கே இருக்கிற தத்துவச் சிக்கல். ஓட்டல் திட்டம் தலையை எண்ணுகிறது. அரை இட்லி தின்னும் பிள்ளைக்கும் ஒரு தலை, ஏகாதசி விரதம் இருக்கும் பாட்டிக்கும் ஒரு தலை.

ஆனால் சத்திரத்தைத் தூக்கிப் பிடித்து ஓட்டலைத் தாழ்த்திவிட்டுப் போவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. தருமச் சோற்றோடு சாதிக் கோடும் சேர்ந்தே வந்தது. பிராமணருக்குத் தனிச் சமையல், தனிப் பந்தி என்பது பல சத்திரங்களில் நடைமுறை. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி நடந்தது வெளியே வந்து தமிழக அரசியலையே உலுக்கியது. காசு வாங்கிக்கொண்டு சோறு போடும் ஓட்டல்தான், இலைக்குப் பக்கத்து இலையில் யார் என்று கேட்காமல் உட்கார வைத்த முதல் பொது இடங்களில் ஒன்று. அதுவும் எளிதாக நடந்துவிடவில்லை. ஓட்டல் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று எழுதுவதை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னை முரளி கபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இன்றைக்கு ரிசார்ட் ஹாலில் ரூம் நம்பரைச் சொன்னால் தட்டு கையில். குலம் கோத்திரம் யாரும் விசாரிப்பதில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுவதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது. நன்றிக்கடன் இல்லாமல், தலைகுனியாமல் சாப்பிட முடிகிறது. அதை அலட்சியமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், ஒருநாளும் பந்தியிலிருந்து எழுப்பப்படாத வீட்டில் பிறந்தவர்களாக இருப்பார்கள்.

சத்திரத்தின் கருணையையும் ஓட்டலின் சமத்துவத்தையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா? முடியும் என்று இந்தச் சாலையிலேயே ஒருவர் செய்து காட்டினார். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கும் வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்கக்கூடாது என்பது அவர் வகுத்த ஜீவகாருண்ய ஒழுக்கம். நடத்தையையும் விசாரிக்கக்கூடாது என்கிறாரே, அங்கேதான் அவர் எல்லோரையும் தாண்டிப் போகிறார். நல்லவனுக்குச் சோறு என்று சொல்வது சுலபம். பசி வந்தால் அறிவு மயங்குகிறது, உடல் ஒடுங்குகிறது, இறைவன் விளங்கும் இடமாகிய உயிரே தளர்கிறது. ஆகவே பசியைத் தீர்ப்பதே வழிபாடு என்று அவர் வாதத்தைக் கட்டுகிறார். பசி ஒன்றே தகுதி. கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தமிழக அரசு 2002இல் தொடங்கி, 2012இல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் போடுகிற அன்னதானமாக விரித்ததும், பின்னர் அது திருவண்ணாமலை வரை வந்ததும் அந்த எண்ணத்தின் நீட்சிதான். தீம் பார்க் முடித்துத் திரும்புகிற குடும்பம் வடலூரில் வண்டியை நிறுத்தி ஒரு வேளை அந்தப் பந்தியில் உட்கார்ந்தால், பிள்ளைகள் ஒரே பயணத்தில் இருவேறு சாப்பாட்டு முறைகளைப் பார்த்துவிடும்.

இதே வட்டாரத்தில் முற்றிலும் எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை மலை. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கிய பாறை அங்கே இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கேதான். உணவை விடுவதையே விடுதலையாக்கிய நெறி அது. ஆனால் அதே சமணம் இல்லறத்தாருக்கு அன்னதானத்தை நால்வகைத் தானங்களில் ஒன்றாக வைத்தது. திண்டிவனம், மேல்சித்தாமூர் பக்கம் இன்றும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் நெறி தவறாதவர்கள் சூரியன் மறைந்த பின் சாப்பிடுவதில்லை. அப்படி ஒரு குடும்பம் மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்தில் அறை எடுத்தால் என்ன ஆகும்? பஃபே ஏழரைக்குத் திறக்கும். அவர்கள் கையலம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிட்டு இரண்டு வேளை சாப்பிடுவார்கள். உலகத்துக்கெல்லாம் ஒரே திட்டம் என்று வரும்போது, எப்போது உண்பது, எதை விடுவது என்ற சமயத் தெரிவுகளுக்கு இடம் இல்லாமல் போகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு நான்கு இட்லி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவைப்பதுதான் அவர்களுக்கு வழி.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, முன்பணத் திட்டமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. சொல்வதற்கு முன் ஒருவரைக் கேட்க வேண்டும்: வீட்டில் தினமும் சமைக்கிறவர்.

இளையான்குடி மாறனார் கதையில் அவர் இருக்கிறார். வறுமையில் விழுந்துவிட்ட மாறனார் வீட்டுக்கு மழை பெய்யும் நள்ளிரவில் ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துத் தருகிறேன் என்று வழி சொல்கிறவர் மனைவி. மாறனார் மழையில் போய் வாரி வருகிறார். அடுப்பெரிக்கக் கூரையின் கட்டையை வெட்டுகிறார். ஈர நெல்லை வறுத்து, குத்தி, உலை வைத்து, குழியில் முளைத்த கீரையைப் பலவிதக் கறியாக ஆக்கியது அந்த அம்மா. நாயன்மார் பட்டியலில் கணவர் பெயர் நிற்கிறது. விருந்தோம்பல் என்று தமிழர்கள் பெருமை பேசும்போதெல்லாம் அந்த அடுப்படி இருட்டில்தான் இருக்கிறது.

ஆக, வருடம் முழுவதும் "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, இரண்டு நாள் அந்தக் கேள்வியே எழாமல் செய்யும் மூன்று வேளைத் திட்டம் பெரிய விடுதலை. புளியோதரை மூட்டை கட்ட அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டும். அவர் "எல்லா வேளையும் சேர்த்தே போட்டுடுங்க" என்று சொன்னால் அந்தத் திட்டத்தையே எடுக்க வேண்டும். வீணாவதையும் விலையையும் காட்டி அவரிடம் தருமம் பேசக்கூடாது. தட்டில் வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது மற்றவர்கள் பழகவேண்டிய ஒழுக்கம். அவருடைய ஓய்வு அதற்கு விலையாகக்கூடாது. அவருக்கு எதுவானாலும் சரி என்றால், காலைச் சிற்றுண்டியோடு சேர்ந்த அறையே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருத்தம். மதியம் பார்க்குக்குள் கழியும். ராத்திரிச் சாப்பாட்டை அன்றன்றைக்குப் பசி முடிவு செய்யட்டும்.

கடைசியாக, எந்தத் திட்டத்திலும் எண்ணப்படாத ஒரு தலை. வண்டி ஓட்டுகிறவர்.

விக்கிரவாண்டிச் சாலையோர ஓட்டல்களில் பேருந்து ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் காசு வாங்குவதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். ஐம்பது பேரைக் கூட்டிவருகிறவருக்குத் தனி மேசை, கேட்டதெல்லாம் கிடைக்கும். அங்கே அவர் வியாபாரத்துக்கு வேண்டியவர். அதே தொழில் செய்கிறவர், வாடகை வேனில் ஒரு குடும்பத்தை ரிசார்ட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும்போது அவருக்கு அங்கே இடமே இல்லை. பஃபே வாசலில் அந்தக் குடும்பத்துப் பெண் மனசு கேட்காமல் திரும்பி, "அண்ணே, நீங்களும் வாங்களேன்" என்பார். "நீங்க சாப்பிடுங்கம்மா, நான் வெளியில பாத்துக்கிறேன்" என்பார் அவர். வெளியில் என்றால், ரிசார்ட் இருக்கிற அந்தச் சாலையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடைகூட இருக்காது. பேட்டாக் காசு பையில் இருக்கும், வாங்கக் கடை இருக்காது. ராத்திரி சீட்டைச் சாய்த்து, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றி, புழுக்கத்துக்குக் கொஞ்சம் இறக்கி, வண்டியிலேயே படுப்பார்.

விக்கிரவாண்டியை ஒட்டிய பனையபுரத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. புறவார் பனங்காட்டூர் என்று சம்பந்தர் பாடிய தலம். சிபிச் சக்கரவர்த்தியின் கதையைத் தலபுராணம் இந்த ஊரோடு இணைக்கிறது. துரத்திவந்த பருந்துக்கு அஞ்சி, அடைக்கலம் என்று மடியில் விழுந்த புறாவைக் காக்கத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்த அரசன். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் புறாவையே பார்க்கிறார்கள். பருந்தின் வாதத்தைக் கேட்பதில்லை. புறாவைக் காப்பது தருமம்தான், ஆனால் எனக்கும் பசிக்கிறதே, என் இரையைப் பறித்துவிட்டு நீ எப்படிப் புண்ணியவான் ஆவாய் என்று அது கேட்கிறது. சிபி அந்தக் கேள்வியை ஒதுக்கவில்லை. புறாவுக்குக் காட்டிய இரக்கத்தின் செலவைப் பருந்தின் தலையில் கட்டாமல், தன் உடம்பிலிருந்து கொடுத்தான். ஒருவரின் சுகத்துக்கு ஆகும் செலவை இன்னொருவரின் பசியில் கழித்துக்கொள்ளக்கூடாது என்ற நீதியை இந்தக் கதையைப் போல நேராக வைத்த கதை வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். குடும்பத்தின் உல்லாசப் பயணத்தில் ஓட்டுநர் பட்டினியாகப் படுத்தால், அந்தத் தராசு இன்னும் சமமாகவில்லை.

சட்டம் இந்தப் பக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை 2023இல் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதியும் கழிப்பறையும் ஏற்படுத்த வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. மலை ஊர்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் வண்டியிலேயே தூங்கிப் பழகிய ஓட்டுநர்களுக்கு அது நெடுநாள் கோரிக்கை. படுக்கையைச் சட்டம் கேட்டு வாங்கிவிட்டது. சாப்பாட்டை, கூட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் கேட்க வேண்டும்.

அதனால் அறை பதிவு செய்ய போன் போடும்போது, குளம் இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. டிரைவர் படுக்க இடம் எங்கே, அங்கே மின்விசிறியும் குளியலறையும் உண்டா? எங்களுக்குப் போடும் காலைச் சாப்பாட்டிலேயே அவரையும் ஒரு ஆளாகச் சேர்த்து எழுதிக்கொள்வீர்களா, அதற்கு எவ்வளவு? ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தால் தயிர்ச்சாதமாவது கிடைக்குமா? பாட்டி ஆறு மணிக்கு மேல் சாப்பிடமாட்டார், அவருக்கு மட்டும் ஒரு வேளையைக் கழித்துக்கொள்ள முடியுமா? பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த ஓட்டலுக்கு போன் போடலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை அந்த வட்டாரத்தில் தங்குமிடங்களுக்குப் பஞ்சமில்லை.